ஒரு குழாய், இரண்டு கோடுகள்

என் மனைவிக்கு மூக்கின் மேல் கோபம் என்று அவளுடைய அலுவலகத்தில் சொல்வார்கள். கடுகு என்று பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் கடுகு. அவளுக்கும் அது தெரியும். "கடுகு பொரியணும்னா கீழ யாராவது அடுப்பு பத்த வைக்கணும். யாரு பத்த வைக்கிறாங்கன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க" என்பாள். நான் கேட்டேன். பதில் தெரிந்த பிறகு எனக்கும் கோபம் வந்தது, இன்னும் போகவில்லை. அந்தக் கோபத்தோடுதான் இதைச் சொல்கிறேன். நடுநிலையாகக் கேட்க விரும்புகிறவர்கள் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளட்டும்.

அவளுடைய அப்பா கொத்தனார். அஸ்திவாரம் தோண்டும் முன் மண்ணில் முளை அடித்து நூல் கட்டுவார்கள் அல்லவா, அந்த நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் இவள். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள், "அப்பா, இந்த முளையை யாரோ மிதிச்சிருக்காங்க, நகர்ந்திருக்கு" என்று வேலையாட்கள் முன்னால் சொல்லிவிட்டாளாம். மனிதர் கரணையைத் தூக்கி எறிந்துவிட்டு, "பெத்ததுக்கு நல்லா அனுபவிக்கிறேன்டா" என்று கத்தியிருக்கிறார். கத்தி முடித்த பிறகு நூலை அவிழ்த்து மறுபடியும் கட்டியிருக்கிறார். அப்பாவுக்கும் மகளுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் அவளைப் புவி இயற்பியல் வரை படிக்க வைத்தவர் அவர்தான். அதையும் அவள் சண்டை போடுகிற குரலில்தான் ஒப்புக்கொள்வாள்.

நான் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவன். கடலில் மூன்று கால் ஊன்றி நிற்கும் இரும்பு மேடை, அதை ரிக் என்போம். அதன் மேல்தளத்தில் துளைப்பானை இயக்குவது என் வேலை. இரண்டு வாரம் கடலில், இரண்டு வாரம் வீட்டில். அவளை முதலில் பார்த்ததும் ரிக்கில்தான். பயிற்சிக்காக வந்திருந்தாள். அந்த ரிக்கில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா" என்று எல்லோரும் பல்லை இளித்தார்கள். அவள் அட்ஜஸ்ட் பண்ணவில்லை. மேலாளருடைய குளியலறைக் கதவில் ஒரு பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். மேலாளர் ஒரு வாரம் எங்களோடு வரிசையில் நின்றார். அந்தப் பூட்டை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். எங்கள் கல்யாணம் அப்படித்தான் ஆரம்பித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கு நகரத்து அலுவலகத்தில் வேலை. ஜன்னல் இல்லாத அறை. கம்ப்யூட்டர்கள் சூடாகிவிடக் கூடாது என்று ஏசியை வைத்து மனிதர்களை விறைக்க வைப்பார்கள். கோடைகாலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போவாள். மேசையில் இரண்டு பெரிய திரைகள். பின்னால் அலமாரி நிறையப் பழைய காந்த நாடாக்கள், தொட்டால் பொடியாகும் காகிதச் சுருள்கள். கப்பலிலிருந்து கடலுக்குள் சத்தத்தை அனுப்பி, அடியிலிருக்கும் பாறைகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடித்து, அதை வைத்துப் பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். எத்தனையோ காலமாக எத்தனையோ கப்பல்கள் பிடித்த எதிரொலிகள் அந்த அலமாரியில் இருந்தன. பழையதையும் புதியதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது அவள் வேலை. எங்கே எண்ணெய் இருக்கிறது என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள், எங்கே துளைக்கக் கூடாது என்று சொல்ல ஆள் வேண்டாமா என்பாள்.

அவளுடைய மேலதிகாரியை மேப் சார் என்று சொல்கிறேன். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் சுலபம், திட்டிவிட்டுத் தூங்கலாம். சிரித்த முகம், இஸ்திரி கலையாத சட்டை, யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். எங்கள் மகள் பிறந்தபோது தொட்டில் வாங்கிக்கொண்டு வந்தவர். அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அலமாரியில் தூங்கிய பழைய சர்வேக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, புதியவற்றோடு சேர்த்து, மொத்தக் கடலையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தவர் அவர். அதற்காகப் பதவி உயர்வு கிடைத்தது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சுவர் அகலத் திரையில் அதைப் போட்டுக் காட்டுவார். நீலமும் சிவப்புமாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அந்த வரைபடத்தில் புதிய கிணறு ஒன்றுக்கு இடம் குறித்தார்கள். சிவப்புப் பெருக்கல் குறி. நான் வேலை செய்யும் ரிக் அங்கே போக வேண்டும் என்று முடிவாயிற்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடல் தரைக்குக் கொஞ்சம் கீழேயே சில இடங்களில் வாயு சின்னச் சின்னப் பைகளாகத் தேங்கிக் கிடக்கும். எங்களுக்கு எமன் அதுதான். ஆழத்தில் இருக்கும் வாயு சீறிக்கொண்டு வந்தால் மூடுவதற்குப் பெரிய வால்வு இருக்கிறது. ஆனால் மேலாகத் துளைக்கும்போது அந்த வால்வை இன்னும் பொருத்தியிருக்க மாட்டோம். வாயுப் பைக்குள் துளைப்பான் இறங்கினால் வருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் வாங்குகிறவன் துளைப்பான் பக்கத்தில் நிற்கிறவன். அதாவது நான்.

மேப் சார் வரைபடத்திலும் ஒரு வாயுப் பை இருந்தது. ஆனால் சிவப்புக் குறியிலிருந்து தள்ளி, பாதுகாப்பான தூரத்தில். பழைய சர்வேயிலேயே இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, புதிதாக ஒரு சர்வேக் கப்பல் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

நான் வீட்டிலிருந்த வாரம் அது. சாப்பாட்டு மேசையில் அவள் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, ஈர விரலால் மேசைமேல் இரண்டு கோடு போட்டாள்.

"அந்த எடத்துல கடலுக்கடியில ரெண்டு குழாய் போகுதாம். வரைபடத்துல இருக்கு. குழாய் ஒண்ணு, குழாய் ரெண்டுன்னு பேர் வேற போட்டிருக்காங்க."

"போகட்டுமே."

"ரெண்டும் ஒரே மாதிரி வளையுது. ஒரே எடத்துல திரும்புது. நடுவுல இருக்குற தூரம் கூட மாறவே இல்ல. குழாய் போடுறவன் என்ன, நோட்டுல ஸ்கேல் வெச்சா கோடு போட்டான்?"

மறுநாள் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்குப் போய்க் கேட்டாள். அங்கே போட்டது ஒரே ஒரு குழாய். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. முங்கிப் படம் எடுத்தவர்களின் வீடியோவையும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

விஷயம் இவ்வளவுதான். பழைய சர்வேக்காரர்கள் பூமியை ஒரு கணக்கில் அளந்தார்கள். செயற்கைக்கோள் வந்த பிறகு கணக்கு வேறு. ஒரே அட்சரேகை, ஒரே தீர்க்கரேகை என்று எண்கள் ஒத்துப்போகும், ஆனால் இரண்டும் கடலில் ஒரே இடம் இல்லை. தெருவில் வீட்டு எண்களையெல்லாம் மாற்றிய பிறகு பழைய எண்ணை வைத்துக்கொண்டு கதவைத் தட்டினால் வேறு யாரோதானே திறப்பார்கள்? பழையதை ஏற்றும்போது புதிய கணக்குக்கு மாற்றி ஏற்ற வேண்டும். மேப் சார் அந்த ஒரு சர்வேயை மாற்றாமல் அப்படியே ஏற்றிவிட்டார். ஆகவே ஒரே குழாய் பழைய சர்வேயில் ஓர் இடத்திலும் புதிய சர்வேயில் இன்னோர் இடத்திலும் விழுந்தது. அதைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு குழாய் என்று பெயர் எழுதிவிட்டார்கள்.

குழாய் தள்ளி விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் வாயுப் பையும் அதே பழைய சர்வேயில்தான் இருந்தது. இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருக்கிற தூரத்துக்கு அதை நகர்த்தி வைத்தாள். அது நேராகப் போய்ச் சிவப்புக் குறிக்கு அடியில் உட்கார்ந்தது.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "நாளைக்குப் போய்ச் சொல்றேன், மாத்திடுவாங்க" என்றாள். கோபம்கூட இல்லை அவளுக்கு. தப்பு கிடைத்துவிட்டது, திருத்திவிடலாம் என்ற நிம்மதிதான் இருந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மறுநாள் கூட்டத்தில் எல்லாவற்றையும் திரையில் போட்டுக் காட்டியிருக்கிறாள். மேப் சார் பொறுமையாகக் கேட்டார். "கைவிட்ட பழைய குழாயா இருக்கலாம் மேடம். எல்லாத்துக்குமா ரெக்கார்டு இருக்கு?" என்றார். வீடியோவைக் காட்டினாள். "மண்ணு மூடியிருக்கும்" என்றார். மண் மூடிய குழாய் எதிரொலியில் எப்படி இருக்கும் என்று அதையும் காட்டினாள். "ரிக் கிளம்பிடுச்சு மேடம், இழுவைக் கப்பல் கட்டியாச்சு" என்றார். இடத்தை நகர்த்தி அங்கிருந்து சாய்வாகத் துளைக்கலாமே என்றாள். அப்படிச் செய்தால் ஏன் நகர்த்தினோம் என்று மேலே எழுத வேண்டும், எழுதினால் அவருடைய அழகான வரைபடத்தில் ஓட்டை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதை அவர் சொல்லவில்லை. சொன்னது வேறு.

"உங்க வீட்டுக்காரர் அந்த ரிக்லதானே இருக்கார்? யாருக்கா இருந்தாலும் பயம் இருக்கத்தான் செய்யும் மேடம். எங்களுக்குப் புரியுது."

அறையில் எல்லோரும் பரிதாபப்பட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்குள் வந்தபோது அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மகள் என்னிடம், "அப்பா, நான் எதுவும் பண்ணலப்பா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டாள்.

"பயமாங்க எனக்கு! நான் கணக்கு சொன்னா அவருக்கு அது பயமாத் தெரியுது! இதையே ஒரு ஆம்பளை சொல்லியிருந்தா, அவன் பொண்டாட்டி எங்க இருக்கான்னா கேட்டிருப்பாரு? குழாய் ரெண்டா தெரியறது என் கண்ணுல இருக்கிற தண்ணியாலயா?"

உண்மையில் பயந்தவன் நான்தான். அவள் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

துளைப்பதற்கு முன் அந்த இடத்தில் வாயு அபாயம் இல்லை என்று அவள் பிரிவிலிருந்து கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட மாட்டேன் என்றாள். அதைக் கேட்டு யார் யாரோ அவளைச் சமாதானப்படுத்த வந்தார்கள். அவள் மசியவில்லை.

இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் வந்தது. ரிக் நிறுவனத்து அலுவலகத்திலிருந்து பேசினார்கள். "உங்களுக்கு இந்தத் தடவை லீவு. சம்பளத்தோட. குடும்பத்தோட இருங்க" என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு மேலிடத்து உத்தரவு என்று சொல்லிவிட்டார்கள். உள்ளபடியே சொன்னால் எனக்கு உயிர் வந்தது. போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றேன். அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. மேப் சார். அவர் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு உற்சாகம்.

"மேடம், உங்க பிரச்சனை தீர்ந்துது! சாரை மாத்தச் சொல்லிட்டேன். இனிமே நிம்மதியா கையெழுத்துப் போடுங்க."

அவள் போனைச் சோபாவின்மேல் வைத்தாள். அது இன்னும் அவர் குரலில் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"உங்க எடத்துல யாரு போறாங்க?"

சொட்டை. வேறு யார்? எங்கள் குழுவிலேயே எனக்கு அடுத்த ஆள், நான் இல்லாவிட்டால் துளைப்பான் பக்கத்தில் அவன்தான் நிற்பான். சின்ன வயதிலேயே முடி கொட்டிப்போனதால் ரிக் முழுக்க அவனுக்கு அந்தப் பெயர். நர்ஸாக இருக்கும் அவன் மனைவிக்கு நைட் டியூட்டி வரும் நாட்களில் அவர்களுடைய பையன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான்.

"என் புருஷனை எடுத்துட்டு இன்னொருத்தி புருஷனை வெச்சா பிரச்சனை தீர்ந்துதாமா? என்னை என்னன்னு நெனச்சாங்க?" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், பக்கத்து வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள். நான் சுவரில் சாய்ந்தபடியே கேட்டேன். வந்த உயிர் வெட்கத்தோடு திரும்பிப் போயிற்று.

அவள் கையெழுத்துப் போடவில்லை. அவளுடைய இடத்தில் மேப் சாரே போட்டுக்கொண்டார். அவ்வளவு சுலபம்.

எங்கள் குழு ஹெலிகாப்டர் ஏறும் நாள் காலையில், "கெளம்புங்க" என்றாள். அலுவலகக் கம்ப்யூட்டரைப் பையில் போட்டுக்கொண்டாள். அதை வெளியே எடுத்துப்போகக் கூடாது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஹெலிகாப்டர் நிலையத்தில் காத்திருக்கும் கூடம் பஸ் ஸ்டாண்டை விடக் கேவலமாக இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத ஃபேன், உயிர்காக்கும் சட்டை போடுவது எப்படி என்று திரும்பத் திரும்ப ஓடும் படம். ஒரு மூலையில் எடை மெஷின். ஒவ்வொருவரும் பையோடு அதில் ஏறி நின்ற பிறகுதான் உள்ளே விடுவார்கள். சொட்டை அப்போதுதான் பையை வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "என்னடா, லீவுல இருக்கிறவன் டாட்டா காட்ட வந்தியா?" என்று சிரித்தான்.

அவள் நேராக ரிக் மேலாளரிடம் போனாள். எங்களுக்கெல்லாம் அவர் தலை. வயது ஆக ஆக வாய் குறைந்துபோன மனிதர். ஒரு நாற்காலியில் கம்ப்யூட்டரை வைத்து இரண்டு கோடுகளைக் காட்டினாள், வாயுப் பையைக் காட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் ஆபீஸ் சண்டைம்மா. ஒருத்தர் சரிங்கிறார், நீங்க தப்புங்கிறீங்க. எனக்கு எடம் குடுத்தாங்க, கையெழுத்து இருக்கு, போய் நிப்பேன். நான் எதை வெச்சு இல்லேங்கிறது?"

அவள் முகம் விழுந்துவிட்டது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது தலை என் பக்கம் திரும்பினார்.

"ஆமா, உனக்கு ஏன்டா லீவு? உன்னை எடுக்கச் சொல்லி நான் கேக்கலையே. உடம்பு சரியில்லன்னாங்க."

"உடம்புக்கு என்ன தலை, நல்லாத்தான் இருக்கேன். இவ கையெழுத்துப் போடலன்னு என்னை எடுத்துட்டாங்க. நான் இல்லேன்னா இவளுக்குப் பயம் போயிடுமாம்."

வரைபடம் புரியாத மனிதருக்கு இது புரிந்துவிட்டது. போனை எடுத்து மேப் சாரை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி நாற்காலியில் வைத்தார்.

"சார், எங்க டிரில்லரை எதுக்கு எடுத்தீங்க?"

"அது... ஒரு மனிதாபிமான அடிப்படையில பண்ணினது."

"எடத்துல ஆபத்து இருக்கா சார்?"

"சேச்சே, ஒண்ணும் இல்ல. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"ஆபத்து இல்லாத எடத்துலருந்து ஆளைக் காப்பாத்துறது என்ன மனிதாபிமானம் சார்?"

தலை போனை நோக்கிக் குனிந்தார்.

"ஒண்ணு பண்ணுங்க," என்றார் தலை. "எங்க எல்லாரையும் அதே அடிப்படையில எடுத்துடுங்க. இல்லேன்னா நீங்க வாங்க. ஹெலிகாப்டர்ல ஒரு சீட்டு காலியாத்தான் இருக்கு. துளைக்கும்போது என் பக்கத்துல நின்னு பாருங்க."

எடை மெஷின்மேல் நின்றிருந்த சொட்டை கீழே இறங்கினான். பையை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. வரிசையில் நின்ற மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வெளியே காலி ஹெலிகாப்டரின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இடம் மாறியது. பழைய கணக்கில் பார்த்தாலும் புதிய கணக்கில் பார்த்தாலும் வாயு இல்லாத இடத்தில் ரிக் கால் ஊன்றியது. அங்கிருந்து, அவள் முதல் நாளே சொன்னபடி, சாய்வாகத் துளைத்தோம். நானும் போனேன். கிணறு நன்றாகவே அமைந்தது. இடம் மாறியதற்குக் காரணம் என்று மேப் சார் மேலே எழுதி அனுப்பியது, கடல் தரை மண் இளக்கம் என்பது. கம்ப்யூட்டரை வெளியே எடுத்துப் போனதற்காக அவளுக்கு மெமோ கொடுத்தார்கள்.

கிணறு முடிந்ததைக் கொண்டாட அலுவலகத்தில் கேக் வெட்டியிருக்கிறார்கள். மேப் சார் கையாலேயே ஒரு துண்டை எடுத்து இவளிடம் நீட்டி, அதே சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறார்: "பாத்தீங்களா மேடம்? கடைசியில ஒண்ணுமே நடக்கல. வீணா எல்லாரையும் பயமுறுத்திட்டீங்க."

அதை என்னிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். நான் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதான் சார் கத்தினேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நான் ஜோக் அடிச்சேன்னு நெனச்சுக்கிட்டாங்க."

குழாயை மூடினாள். கையில் நுரையோடு அப்படியே நின்றாள்.

"ஒருத்தராவது செத்திருந்தா நான் சொன்னதை நம்பியிருப்பாங்கங்க."

சொட்டை வாசலில் நின்று கூப்பிட்டான். பையனை அழைத்துப்போக வந்திருந்தான். அவள் கையைத் துடைக்காமலே வாசலுக்குப் போய், இவ்வளவு நேரம் கழித்து வந்தால் பிள்ளை எப்போது தூங்கும், நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா, பெற்றவனுக்கு இது கூடத் தெரியாதா என்று அவனைப் பிடித்து விளாசினாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி" என்று முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டு நின்றான்.